ஒரு வருஷம், நாலு பெயர்

எங்கள் தாத்தா கிராமக் கர்ணம். 1966 ஜூலையில் தொடங்கிய வருஷம் அடங்கலில் பசலி 1376. அவர் வாயிலோ வெறும் 'எழுபத்தாறாம் பசலி'. 590 கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும். ஜாதகம் எழுத உட்கார்ந்தால் அதுவே பராபவ. பத்திரப் பதிவுக்குப் போனால் 'அறுபத்தாறு'. நாகர்கோவில்காரியான பாட்டிக்கு ஆவணியில் பிறப்பது கொல்லம் 1142.

அறுபது பெயர்கள் சுழல்வதால் தாது 1876, 1936, 1996 என மூன்று முறை வந்தது. ஆனால் பஞ்சம் என்று பேச்செடுத்தால், 'தாது வருஷம்' முதலாவதுதான். யாரும் எண் கேட்பதில்லை.

1980-ல் கர்ணம் பதவியை அரசு ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் பசலி மட்டும் ஒழியவில்லை.