காலடியே முதற்பாடம்

சிலம்பம் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது சுழலும் கோலேயாகும். கோலின் விரைவைக் கண்டு வியக்கும் நாம், அதனைத் தாங்கி நிற்கும் கால்களைக் காண மறந்துவிடுகிறோம். ஆனால் மரபறிந்த ஆசான்கள் மாணவர்க்கு முதலிற் கற்பிப்பது கோல் வீச்சு அன்று, நிலையும் காலடியுமே. இம்மரபின் சுவடுகளை ஓர் எல்லைப்புற ஊரிலிருந்து தொடங்கிக் காண்போம்.

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்து, சோலையார்பேட்டை - பெங்களூர் இருப்புப்பாதையில் அமைந்தது குடுபல்லி. தமிழகமும் கருநாடகமும் அதற்கு அணித்தே உள்ளன. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகுமுன் இப்பகுதி வடஆர்க்காட்டைச் சார்ந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலத்துள் அடங்கிற்று. ஆட்சியின் எல்லைகள் மாறினும் கலைக்கு எல்லை இல்லை. கோற்போரைத் தமிழர் சிலம்பம் என்பர். தெலுங்கர் கர்ர சாமு என்பர். கன்னடர் தொண்ணெ வரசே என்பர். அந்த 'வரசே' நம் குத்துவரிசையிலும் காலடி வரிசையிலும் உள்ள 'வரிசை'யே. பயிற்சிக்கூடத்தைக் கன்னடரும் தெலுங்கரும் 'கரடி', 'கரிடி' என வழங்க, தமிழ் அகராதியும் 'கரடிக்கூடம்' என்று குறிக்கின்றது. இங்குக் கரடி என்பது விலங்கன்று, படைக்கலப் பயிற்சியே.

அக்கூடத்தில் காலுக்கு ஏன் முதன்மை? சிலம்பக்கோல் ஆடுவோனின் நெற்றியளவு நீளமுடையது. அதை வீசுந்தோறும் அதன் விசை உடலையும் உடன் இழுக்கும். உடலின் எடை இரு பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்பை விட்டு விலகினால் ஆடுவோன் தடுமாறுவான். தடுமாறிய கணத்தில் எதிரியின் கோல் மேனியைத் தொட்டுவிடும். ஆதலின் முழங்காலைச் சற்று மடக்கி, எடையைத் தாழ்த்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடிபெயர்க்கும் பயிற்சியைப் பன்முறை செய்விப்பர்.

சமநிலை மூன்றன் துணையால் அமைவது என இன்றைய உடலியல் கூறுகின்றது: கண், உட்செவி, தசையும் மூட்டும் பாதமும் தரும் உணர்வு. ஒற்றைக்காலில் நின்று கண்களை மூடினால் உடல் உடனே ஆடத் தொடங்குவதை எவரும் அறியலாம். கண்ணின் துணை நீங்க, மற்றை இரண்டுமே சுமையைத் தாங்க வேண்டியிருப்பதே காரணம். இப்பயிற்சியைச் சுவரின் அருகில் நின்று செய்தல் நன்று.

கேரளக் களரியிலும் இம்முறையே காண்கிறோம். 42 அடி நீளமும் 21 அடி அகலமும் உடைய களத்தில், யானை, சிங்கம், குதிரை முதலியவற்றின் பெயர் கொண்ட நிலைகளைப் பழகி, மெய்ப்பயிற்று முடிந்த பின்னரே மாணவர் கோலையும் வாளையும் தொடுவர். மராட்டியத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் ஆசானாகிய பாலம்பட்டர் புத்துயிரளித்த மல்லர் கம்பம், உயர்ந்த மரத்தூணின் மீதே உடலை நிலைநிறுத்தக் கற்பிக்கின்றது. அது இன்று நம் விழுப்புரத்திலும் வேரூன்றியுள்ளது.

பாளையக்காரர் போர் முடிந்த 1801-இல், தென்னாட்டில் மக்கள் படைக்கலம் வைத்திருத்தலை ஆங்கிலக் கும்பினியார் தடை செய்தனர். ஈட்டியும் வாளும் பறிக்கப்பட்டன; கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயினும் காலிற் படிந்த பயிற்சியைப் பறிக்க எவராலும் இயலவில்லை. ஊர்த் திருவிழாக்களில் சிலம்பம் உயிர்த்திருந்தது.

தடையால் அழியாதது அவசரத்தால் அழிந்துவிடுமோ என்பதே இன்று நம் கவலை. சில திங்களில் மேடையேற வேண்டும் என்னும் ஆர்வத்தால் பல இடங்களில் சுழற்சி மட்டும் கற்பிக்கப்படுகின்றது. நிலையும் காலடியும் விடுபடுகின்றன. வேர் நீங்கிய மரம் சில நாள் பசுமையாகத்தான் தோன்றும். பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நம் சிறார்க்குக் கோலைக் கொடுக்குமுன் நிற்கக் கற்பிப்போம். முதற்சில திங்கள் காலடிக்கே உரியனவாகட்டும். விழா மேடையில் அவர்கள் கோல் சுழற்றும்போது, கைதட்டுமுன் ஒரு கணம் அவர்தம் கால்களைப் பார்ப்போமாக.