வீட்டு வாசலும் சட்டமன்ற வாசலும்

வரி விதிக்கும் சட்டத்தை இயற்றுவோர் ஓரிடத்தில் இருக்கின்றனர். அச்சட்டத்தைச் சுமந்து சென்று மக்களின் வீட்டுக் கதவைத் தட்டுவோர் வேறோரிடத்தில் இருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசும் வரை வரி ஒரு சுமையாக இருக்குமேயன்றிக் கொடுமையாக மாறுவதில்லை. அப்பேச்சு அறுந்துபோகுமானால், நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட சட்டமும் குடும்பங்களைக் கலங்க வைக்கும். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 1965ஆம் ஆண்டு முதல் 1979ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அதனை நாம் சற்று விரிவாகவே காண்போம்.

முதலில் அம்மாநிலத்தின் ஏற்பாட்டை அறிந்துகொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டத்தை ஒத்தது. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு சொத்து மதிப்பீட்டாளர் உண்டு. அவர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுபவர். வீடு, கடை, ஆலை, நிலம் ஆகியவற்றின் மதிப்பைக் கணித்து ஏட்டில் ஏற்றுவது அவருடைய பணி. அம்மதிப்பின் மீது எத்தனை விழுக்காடு வரி என்பதை அக்காலத்தில் கவுண்டி ஆட்சிக் குழுவும், நகராட்சியும், பள்ளி வட்டாரமும் தத்தமக்கு வேண்டிய அளவுக்கு முடிவு செய்தன. மதிப்பீட்டுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரமோ தலைநகர் சேக்ரமெண்டோவிலுள்ள சட்டமன்றத்தினுடையது. 80 உறுப்பினர் கொண்ட கீழவையும் 40 உறுப்பினர் கொண்ட மேலவையும் சேர்ந்தது அம்மன்றம். தெருவை அறிந்தவர் மதிப்பீட்டாளர். சட்டத்தை ஆள்பவர் உறுப்பினர். ஒருவருடைய அறிவு மற்றவருக்குக் கிட்டாவிடின் இருவர் பணியும் குறைப்பட்டதே.

மறைவில் நடந்த சலுகை

அந்நாளில் எந்தச் சொத்தும் அதன் முழு விலைக்கு ஏட்டில் ஏறியதில்லை. முழு விலையில் ஒரு பகுதியை மட்டுமே எழுதுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அப்பகுதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததா? இல்லை. வீட்டுக்காரர்களுக்கு வாக்கு இருந்தது. ஆகவே வீடுகளுக்குக் குறைந்த பங்கே எழுதப்பட்டது. வணிக நிறுவனங்களுக்கு அதனினும் பன்மடங்கு மிகுந்த பங்கு எழுதப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரில் இவ்வேறுபாடு மிகக் கூடுதலாக இருந்தது. வீட்டுக்காரர் மகிழ்ந்திருந்தார், தம் அயலாருக்கு என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை அவர் அறியார்.

மறைவில் செய்யப்படும் சலுகை, அது நல்ல நோக்கத்தோடு தொடங்கினாலும், கள்ளத்தனத்துக்கு வாயில் திறந்துவிடுகிறது. கூடுதலாக எழுதப்பட்ட வணிகர், அதனைக் குறைத்துக்கொள்ள வழி தேடினார். இடைத்தரகர் ஒருவர் தோன்றினார். 1965ஆம் ஆண்டில் செய்தித்தாள்கள் வாயிலாக இது வெளிப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டாளராக நெடுங்காலம் இருந்த ரஸ்ஸல் வோல்டன், மதிப்பீட்டைக் குறைப்பதற்குக் கையூட்டுப் பெற்ற குற்றத்துக்காக 1966ஆம் ஆண்டில் தண்டிக்கப்பட்டார்.

பொதுப்பொறுப்பு ஓர் அமானிதம். அதனைக் காக்கத் தவறியவர் தண்டனை பெற்றது முறையே. ஆயின் அதன்பின் நிகழ்ந்ததுதான் நாம் கருதிப் பார்க்க வேண்டியது.

நேர்மையான சட்டம், எதிர்பாராத சுமை

இவ்வூழலுக்கு முடிவு கட்டச் சட்டமன்றம் 1966ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றியது. நிக்கலஸ் பெட்ரிஸ், ஜான் நாக்ஸ் என்னும் இரு உறுப்பினர்கள் அதனைக் கொண்டு வந்தனர். கீழவையின் 80ஆம் எண் மசோதா என்பது அதன் பெயர். வீடாயினும் ஆலையாயினும், சந்தை விலையில் 25 விழுக்காடே வரிக்குரிய மதிப்பாக எழுதப்பட வேண்டும். 1971ஆம் ஆண்டுக்குள் மாநிலம் முழுவதும் இது நிறைவேற வேண்டும் என்று அது கட்டளையிட்டது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்! இதனைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

எனினும் கணக்கைப் பாருங்கள். 20,000 டாலர் பெறுமான ஒரு வீட்டுக்கு முன்னர் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2,000 டாலர் எழுதப்பட்டிருந்தது என்று கொள்வோம். புதிய விதிப்படி அதற்கு 5,000 டாலர் எழுதியாக வேண்டும். வரி விகிதம் மாறாதிருப்பின் அவ்வீட்டின் வரி இரண்டரை மடங்காகிவிடும். மறுபுறம், 35 விழுக்காடு எழுதப்பட்டிருந்த வணிக நிறுவனத்தின் வரியோ குறைந்துவிடும். ஊழலை ஒழிக்கப் பிறந்த சட்டம், வணிகரின் தோளிலிருந்து சுமையை இறக்கி வீட்டுக்காரரின் தோளில் ஏற்றிவிட்டது. பழைய மதிப்பீட்டாளர் நேர்மையற்றவராயினும் அவரையே திரும்பக் கொண்டு வாருங்கள் என்று கேலியாகக் கூறும் ஒட்டுச் சீட்டுகளைச் சான் பிரான்சிஸ்கோ மக்கள் தம் கார்களில் ஒட்டிக்கொண்டனர் என்பர்.

வீடுகளுக்குக் கிடைத்த சலுகை தகாத வழியில் வந்ததுதான். ஆனால் குடும்பங்கள் அதனை நம்பியே வாழ்ந்து வந்தன. தகாத வழியை அடைத்தவர்கள், தக்க வழியொன்றைத் திறந்து அச்சலுகையை வெளிப்படையாக வழங்கியிருக்க வேண்டும். சட்டமன்றம் அவ்வாறு முற்றிலும் செய்யாமலும் இல்லை. 1968ஆம் ஆண்டில் வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் வரிக்குரிய மதிப்பில் 750 டாலர் தள்ளுபடி வந்தது. 1972ஆம் ஆண்டில் அது 1,750 டாலராக உயர்ந்தது. இவை ஒட்டுப்போட்ட வேலையாக அமைந்தனவேயன்றி முழு மருந்தாக அமையவில்லை.

இரு திசையில் நடந்தவர்கள்

மக்களின் முறையீட்டை முதலில் கேட்டவர்கள் மதிப்பீட்டாளர்கள். அவர்களுள் ஒருவரான லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் பிலிப் வாட்சன், சட்டமன்றத்தோடு உடன்பட்டு ஒரு தீர்வு காண்பதற்கு மாறாக, அதனைத் தாண்டி மக்களிடமே சென்றார். போதிய கையெழுத்துகளைத் திரட்டினால் ஒரு சட்டத்தை மக்களின் நேரடி வாக்குக்கு விடலாம் என்பது அம்மாநிலத்தின் வழக்கம். சொத்து வரிக்கு வரம்பு கட்டும் முன்மொழிவை வாட்சன் 1968ஆம் ஆண்டில் ஒருமுறையும், 1972ஆம் ஆண்டில் மற்றொரு முறையும் வாக்குக்கு விட்டார். இரண்டும் தோற்றன. நாம் மேலே கூறிய இரு தள்ளுபடிகளும் அவ்விரு ஆண்டுகளிலேயே வந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் காய் நகர்த்த மற்றவர் எதிர்க்காய் நகர்த்தும் ஆட்டமாக இவ்வுறவு ஆகிவிட்டது.

இதற்கிடையே 1970களின் நடுவில் வீடுகளின் விலை விரைந்து ஏறியது. மதிப்பீட்டாளர்கள் இப்போது சட்டப்படியே நடந்தனர். சந்தை விலை ஏற ஏற, ஏட்டிலும் அது ஏறியது. 1972ஆம் ஆண்டின் சட்டம் வரி விகிதத்துக்கு எல்லை வகுத்திருந்தது. மதிப்பு உயர்வுக்கோ எல்லை இல்லை. மேலும், எல்லா வீடுகளையும் ஆண்டுதோறும் கணிக்க இயலாமையால் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியையே கணித்து வந்தனர். ஆகவே சில ஆண்டுகளின் உயர்வு முழுவதும் ஒரே சீட்டில் வந்து விழுந்தது. வீட்டை விற்க எண்ணாத முதியவருக்கு விலை உயர்வால் என்ன பயன்? ஓய்வூதியம் உயரவில்லை, வரிச்சீட்டு மட்டும் உயர்ந்தது. உழைத்துக் கட்டிய கடனை அடைத்து முடித்த வீட்டை வரிக்காகவே இழக்க நேருமோ என்னும் அச்சம் பலரைப் பற்றியது.

இந்நிலையில் மாநிலக் கருவூலத்தில் 500 கோடி டாலருக்கு மேல் உபரி குவிந்து கிடந்தது. 1977ஆம் ஆண்டின் கூட்டத்தொடரில் வரிக்குறைப்புக்கான மசோதா சட்டமன்றத்தின் முன் வந்தது. இரு அவைகளும் உடன்பாடு காணாமல் அது வீழ்ந்தது.

1978ஆம் ஆண்டு ஜூன் 6

இனிப் பொறுப்பதில்லை என்று மக்கள் முடிவு செய்தனர். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் ஆகிய இருவர் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டி, முன்மொழிவு 13 என்பதனை வாக்குக்குக் கொண்டு வந்தனர். சட்டமன்றம் பதறியெழுந்து, அதனினும் மிதமான மாற்று ஒன்றை அதே வாக்குச்சீட்டில் வைத்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் இருக்கையில் லாஸ் ஏஞ்சல்ஸின் புதிய மதிப்பீட்டாளர் அலெக்சாந்தர் போப் அவ்வாண்டின் மதிப்புகளை வெளிப்படுத்தினார். பலருக்கு அவை முன்னையதினும் இருமடங்காக இருந்தன. எஞ்சியிருந்த தயக்கமும் அத்துடன் அகன்றது.

1978ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் முன்மொழிவு 13க்கு வாக்களித்தனர். சொத்து வரி இனி மதிப்பில் 1 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. மதிப்பு 1975ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்ப வேண்டும். ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் அது உயரலாகாது. சொத்து கைமாறும்போது புதிய விலைக்கு மதிப்பிடலாம். மாநில வரியை உயர்த்த இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் உடன்பட வேண்டும். இவை அதன் முதன்மையான விதிகள். ஜூலை முதல் நாளில் சொத்து வரி வருவாய் பாதிக்கும் கீழாகச் சரிந்தது. ஏறத்தாழ 700 கோடி டாலர் குறைந்தது. பள்ளிகளும் தீயணைப்பு நிலையங்களும் மூடப்படாதிருக்கச் சட்டமன்றம் உபரியிலிருந்து 400 கோடி டாலருக்கு மேல் அவசரமாக வழங்கியது.

உள்ளூர் மன்றங்கள் தம் வரி விகிதத்தைத் தாமே வகுக்கும் உரிமையை இழந்தன. வசூலாகும் 1 விழுக்காட்டையும் பங்கிடும் அதிகாரம் சேக்ரமெண்டோவுக்குச் சென்றது. உள்ளூர் மக்களின் பெயரால் எழுந்த கிளர்ச்சி, உள்ளூரின் கையைக் கட்டித் தலைநகரின் கையில் கொடுத்தது.

ஒரே மேசையில்

புதிய விதி அரசியல் சட்டத்தில் ஏறிவிட்டது. ஆனால் அதன் சொற்களோ மிகச் சில. சொத்து கைமாறும்போது புதிதாக மதிப்பிடு என்கிறதே, கைமாறுதல் என்பது யாது? கணவன் இறந்து வீடு மனைவிக்கு வந்தால் அது கைமாறுதலா? நெடுங்காலக் குத்தகைக்கு விட்டால்? நிலம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகள் விற்கப்பட்டால்? 58 மதிப்பீட்டாளர்களும் 58 விதமாகப் பொருள் கொண்டால், 1965ஆம் ஆண்டின் பழைய குழப்பமே புதிய வடிவில் திரும்பும்.

பட்டறிவு இம்முறை வீண் போகவில்லை. கீழவையின் வரிக்குழுவின் பொருட்டு 35 பேர் கொண்ட ஒரு பணிக்குழு கூடியது. கவுண்டி மதிப்பீட்டாளர்கள், சட்டமன்ற அலுவலர்கள், மாநில வரிச் சமன்பாட்டு வாரியத்தின் அலுவலர்கள், அரசுத் தரப்பிலும் தனியார் தரப்பிலும் இருந்த வழக்கறிஞர்கள், வணிகச் சங்கத்தார் எனப் பலரும் அதில் அமர்ந்தனர். 1979ஆம் ஆண்டு ஜனவரியில் அது தன் அறிக்கையை அளித்தது. ஒரே தன்மையான பரிமாற்றங்கள் ஒரே வகையாக நடத்தப்பட வேண்டும். விதியோ மதிப்பீட்டாளர் நடைமுறையில் கண்டறிந்து செயற்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கு.

அவர்கள் மூன்று அளவுகோல்களை வகுத்தனர். உரிமை இன்றே கைமாற வேண்டும். சொத்தை அனுபவிக்கும் பாத்தியதையும் உடன் மாற வேண்டும். மாறிய உரிமை முழு உடைமைக்கு ஏறத்தாழ ஈடான மதிப்புடையதாக இருக்க வேண்டும். அவ்வடிப்படையில் அதே ஆண்டில் சட்டம் பிறந்தது. கணவன் மனைவிக்கிடையே வீடு மாறினால் புதிய மதிப்பீடு இல்லை என்றாயிற்று. 35 ஆண்டும் அதற்கு மேலுமான குத்தகை கைமாறுதலாகக் கொள்ளப்பட்டது. நிறுவனமாயின், பாதிக்கு மேற்பட்ட ஆளுமை ஒருவர் கைக்குச் செல்லும்போது அவ்வாறே கொள்ளப்பட்டது. கணவனை இழந்து நிற்கும் பெண், அத்துயரோடு புதிய வரிச்சுமையையும் ஏற்கும் நிலை இவ்வாறு தவிர்க்கப்பட்டது. அம்மூன்று அளவுகோல்களும் இன்றளவும் அங்கே வழக்கில் உள்ளன.

இதனால் எல்லாம் நலமாயிற்று என்று நாம் கூறவில்லை. பாதிக்கு மேல் என்னும் வரம்பைக் கண்டுகொண்ட நிறுவனங்கள், வாங்குவதைப் பலர் பெயரில் பிரித்து மறுமதிப்பீட்டிலிருந்து தப்ப வழி கண்டன. வீடுகளுக்கிடையிலும் ஏற்றத்தாழ்வு வளர்ந்தது. 1975ஆம் ஆண்டில் 40,000 டாலராக மதிக்கப்பட்ட வீடு, ஆண்டுக்கு 2 விழுக்காடாக உயர்ந்து 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 59,400 டாலரையே அடையும். அதன் வரி 594 டாலர். அதேபோன்ற பக்கத்து வீட்டை 2,00,000 டாலருக்குப் புதிதாக வாங்கியவர் செலுத்துவதோ 2,000 டாலர். இவ்வேறுபாட்டை எதிர்த்து எழுந்த வழக்கில், முறை செல்லும் என்றே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. வணிகச் சொத்துகளை மட்டும் சந்தை விலைக்கு மதிப்பிடலாம் என்ற முன்மொழிவையும் 2020ஆம் ஆண்டில் வாக்காளர்கள் சிறு வேறுபாட்டில் நிராகரித்தனர். மக்கள் சினத்தில் பூட்டிய பூட்டைத் திறப்பது எத்துணை அரிது!

வரி அதிகாரிகளுக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் இடையே நல்லுறவு வேண்டும் என்று சொன்னால் சிலர் ஐயுறுவர். அதிகாரமும் அதிகாரமும் கைகோத்தால் எளியவருக்குக் கேடு என்பர். அவ்வையம் நியாயமானதே. வோல்டன் கொண்டிருந்ததும் ஒருவகை உறவுதான்; அது மூடிய அறைக்குள் பணம் கொடுத்தவரோடு கொண்ட உறவு. 1979ஆம் ஆண்டில் சேக்ரமெண்டோவில் மலர்ந்த உறவு வேறு. அங்கே தெருவை அறிந்தவர் தாம் கண்டதைச் சொன்னார். சட்டம் இயற்றுபவர் செவிமடுத்தார். முடிவு அறிக்கையாகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. இத்தகைய கூட்டம் 1966ஆம் ஆண்டில், 80ஆம் எண் மசோதா எழுதப்படுமுன் கூடியிருக்குமாயின், வீடுகளின் மீது விழவிருந்த சுமை முன்னரே கணக்கிடப்பட்டிருக்கும். அதனைத் தாங்கும் வழியும் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கும். பன்னிரண்டு ஆண்டுக் காலம் முதியவர்கள் தம் வரிச்சீட்டை அஞ்சி அஞ்சித் திறந்திருக்க வேண்டியதில்லை.