துணிக்கு வந்த கத்தி

1830க்கு முன்னால் இங்கிலாந்தில் ஒருவர் எவ்வளவு பெரிய பணக்காரர் என்று தெரிந்துகொள்ள அவர் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. வாசலில் இருக்கிற புல்லைப் பார்த்தாலே போதும்.

யோசித்துப் பாருங்கள். கோதுமை விளையக்கூடிய நிலம். அதில் வெறும் புல்லை வளர்த்து, வளர்ந்ததை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ‘இந்த மண்ணிலிருந்து எனக்குக் காலணா வரத் தேவையில்லை’ என்று ஊருக்கு அறிவிக்கிற ஏற்பாடு அது. வரவே இல்லாத, செலவு மட்டுமே எழுதுகிற கணக்கு!

செலவும் கொஞ்சநஞ்சமில்லை. நீளமான காம்பில் வளைந்த கத்தி மாட்டிய அரிவாள்தான் ஆயுதம். புல் ஈரமாக இருந்தால்தான் அதற்கு வாகாக வெட்டுப்படும். எனவே விடிகாலைப் பனி காய்வதற்குள் ஆட்கள் வரிசையாக இறங்கி வீசுவார்கள். கூட்டி அள்ள, பின்னாலேயே துடைப்பத்தோடு இன்னொரு கோஷ்டி. இதற்கு வசதி இல்லாதவர்கள்? ஆடுகளை மேய விட்டார்கள்.

இந்தக் கணக்கை மாற்றியவருக்கும் தோட்டத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பெயர் எட்வின் பியர்ட் பட்டிங். மெஷின் ரிப்பேர், டிசைன் என்று பிழைத்தவர். ஊர், க்ளாஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுடுக்குப் பக்கம். அந்த வட்டாரம் முழுக்கக் கம்பளித் துணி மில்கள்.

தறியிலிருந்து வரும் கம்பளியில் பிசிறு தூக்கிக்கொண்டு நிற்கும். அதைச் சீவிச் சமமாக்க மில்லில் ஒரு மெஷின் இருந்தது. ஓர் உருளை, அதைச் சுற்றித் திருகலாகக் கத்திகள், கீழே அசையாத ஒரு பட்டைக் கத்தி. உருளை சுழலச் சுழல, இரண்டு கத்திகளுக்கும் நடுவில் சிக்கும் பிசிறு மட்டும் கத்தரிக்கோலில் மாட்டிய மாதிரி நறுக்கென்று போய்விடும். துணிக்கு ஒன்றும் ஆகாது.

பட்டிங் பார்த்தார். துணியின் பிசிறுக்குச் செய்வதைத் தரையின் பிசிறுக்குச் செய்தால் என்ன?

ஜான் ஃபெராபீ என்ற பட்டறை முதலாளி பணம் போட்டார். லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தம். பைத்தியம் என்று ஊர் சிரிக்குமே என்று பயந்து, ராத்திரியில்தான் சோதனை ஓட்டம் நடத்தினாராம் பட்டிங். 1830 ஆகஸ்ட் 31ஆம் தேதி பேட்டன்ட் கிடைத்தது. பிரபுக்கள் தாங்களே இதைத் தள்ளினால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்று பேட்டன்ட் பத்திரத்திலேயே எழுதி வைத்தார். ஆசாமி விளம்பரத்திலும் கில்லாடி!

லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலை ஆரம்பத்திலேயே ஒன்றை வாங்கியது. அரிவாளும் துடைப்பமுமாக ஆறிலிருந்து எட்டு பேர் செய்கிற வேலையை இந்த மெஷின் செய்துவிடுகிறது என்று அங்கிருந்த தோட்டக் கண்காணிப்பாளர் சர்டிஃபிகேட் கொடுத்தார்.

சரி, அந்த ஆறிலிருந்து எட்டு பேர்?

அதே 1830, அதே ஆகஸ்ட் கடைசியில், கென்ட் பகுதியில் விவசாயக் கூலிகள் கதிரடிக்கும் மெஷின்களை உடைக்க ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை கையால் கதிரடிப்பது. மெஷின் அதையும் பறித்துக்கொண்டது. ‘ஸ்விங் கலகம்’ என்று சரித்திரம் சொல்லும் அந்தத் தீ, பட்டிங்கின் க்ளாஸ்டர்ஷயர் வரைக்கும் பரவியது. முடிவில் 19 பேர் தூக்கில் தொங்கினார்கள். ஏறக்குறைய 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். சோற்றை எடுத்த மெஷின் மேல் விழுந்த அடி, புல் மெஷின் மேல் விழவில்லை. அதுதான் பட்டிங்கின் அதிர்ஷ்டம்.

அதற்கப்புறம் ஓட்டம்தான். 1832இல் இப்ஸ்விச் நகர ரான்சம்ஸ் கம்பெனி லைசென்ஸ் வாங்கித் தயாரித்தது. 1859இல் லீட்ஸ் நகர தாமஸ் கிரீன், பல்சக்கரச் சத்தத்தைக் குறைக்கச் செயின் மாட்டினார். பெரிய மெஷின்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பட்டுப் புல் பாழாகாமல் இருக்கக் குதிரைக்குத் தோல் பூட்ஸ்! 1893இல் நீராவி, 1902இல் பெட்ரோல். 1952இல், அதே ஆஸ்திரேலியாவின் சிட்னியில், மெர்வின் ரிச்சர்ட்சன் என்பவர் வீட்டு கராஜில் காயலான் சாமான்களை வைத்து லேசான மெஷின் ஒன்றைச் செய்தார். பெட்ரோல் டேங்க், பீச் பழம் அடைத்து வந்த காலி டின். அதுதான் ‘விக்டா’.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விக்டா ‘ரோட்டரி’ ரகம். அடியில் ஒரு பிளேடு ஃபேன் மாதிரி அசுர வேகத்தில் சுற்றிப் புல்லை அடித்து வெட்டும். அதாவது, பட்டிங் ஓய்வு கொடுத்த அரிவாள் வீச்சு, மோட்டார் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டது!

கடைக்குப் போனால் இன்றைக்கும் கேள்வி இதுதான்: கத்தரிக்கோலா, அரிவாளா?

சின்ன வீடு, மேடு பள்ளமில்லாத தரை, அடிக்கடி வெட்ட நேரம் உண்டு என்றால் பட்டிங்கின் ‘ரீல்’ ரகம். கையால் தள்ளுவதே போதும். கல்யாண வீட்டில் வாழ்த்தும்போது சொல்கிறோமே, அந்த அருகம்புல் தரைக்கு இதுதான் பொருத்தம். மேடு பள்ளம், முரட்டுப் புல், மாதம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பேன் என்றால் ரோட்டரி. உயர்ந்த புல்லை ரீல் வெட்டாது, படுக்க வைத்துவிட்டுப் போய்விடும்.

எதை வாங்கினாலும் ஒரே விதி: உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். 3 அங்குலம் இருந்தால் 2 அங்குலமாவது மிச்சம் நிற்கட்டும். புல்லுக்கு இலைதான் சமையல்கட்டு. அதை ஒட்ட மழித்தால் வேர் பட்டினி கிடக்கும், களை குடியேறும். விம்பிள்டனில் 8 மில்லிமீட்டர்தானே என்று கேட்காதீர்கள். அங்கே தினமும் பார்த்துக்கொள்ள ஒரு படையே இருக்கிறது.

அரிவாளுக்கு ஈரம் வேண்டும், மெஷினுக்குக் காய்ந்த புல் வேண்டும். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். நுனி பழுப்பாகிவிடும். ஒவ்வொரு முறையும் திசையை மாற்றித் தள்ளுங்கள். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விடுங்கள், உரம். பிளேடு பக்கம் கை போகும் முன் ஸ்பார்க் பிளக் ஒயரையோ கரன்ட்டையோ பிடுங்கிவிடுங்கள். கல் பொறுக்கிவிட்டு ஆரம்பியுங்கள். குழந்தைகள் உள்ளேயே இருக்கட்டும்.

பட்டிங் 1846இல் இறந்துபோனார். அவருக்கு ஒரு சிலையும் வேண்டாம். அவர் மெஷின் எங்கிருந்து வந்தது என்பது ஞாபகம் இருந்தால் போதும். துணியை வெட்ட வந்ததல்ல அது, பிசிறை மட்டும் எடுக்க வந்தது.