ஒரிஜினல் எண்டால் எது? மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு எம்.டி. 90

பழைய மோட்டார் சைக்கிள்களைத் திருத்தி எடுப்பவர்கள் மத்தியில் அதிக மதிப்புள்ள சொல் 'ஒரிஜினல்'. ஒரிஜினல் பெயின்ற், ஒரிஜினல் ராங்கி, ஒரிஜினல் எஞ்சின். கொம்பனியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொண்டுவருவதுதான் நல்ல வேலை என்று கருதப்படுகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒரு பழைய ஹொண்டாவைக் கழற்றிப் பார்த்தால் இந்தச் சொல் சிக்கலாகிவிடும். அதன் உடம்பில் பொருளாதாரத் தடைக் காலத்தின் அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றைப் 'பிழையான வேலை' என்று கழற்றி எறிந்தால் மோட்டார் சைக்கிள் புதிதாகும். ஆனால் அதனோடு ஒரு வரலாறும் குப்பைக்குப் போகும். அதைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறோம்.

நாங்கள் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம். இயந்திரம் படித்தவர்கள் இல்லை. வடமராட்சியில் எங்களில் ஒருவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் இருக்கிறது. முந்தி மாடு கட்டிய இடம். இப்போது அங்கே ஒரு மேசை, கடன் வாங்கிய ஸ்பனர் பெட்டி, ஒரு பழைய எம்.டி. 90. அயல் வீட்டு அன்ரி ஒருவர் அதைத் தந்து, "ஓடப் பண்ணுங்கோ பிள்ளையள், அது போதும்" என்றார். அவருடைய கணவர் இப்போது உயிரோடு இல்லை. எங்களுக்கு வேலை பழக்கியவர் எழுபது வயது தாண்டிய ஒரு ஐயா. தொண்ணூறுகளில் கராஜ் வைத்திருந்தவர்.

எம்.டி. 90 யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்றே ஹொண்டா செய்த மோட்டார் சைக்கிள் அது. அங்கே அதன் நிறம் சிவப்பு. வீடு வீடாக நின்று நின்று போகவும், பாரம் ஏற்றவும், இலகுவில் பழுதாகாமல் இருக்கவும் வடிவமைக்கப்பட்டது. 1977 இல் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு, ஜப்பானில் பாவித்த மோட்டார் சைக்கிள்கள் இங்கே பெருவாரியாக வந்து இறங்கின. டோக்கியோவில் கடிதம் கொண்டு திரிந்தது பருத்தித்துறையில் வெங்காயம் கொண்டு திரிந்தது. அதாவது எங்களிடம் வந்த நாளிலேயே அது தன் 'ஒரிஜினல்' வேலையை விட்டுவிட்டது.

இன்னும் பின்னால் போனால் கதை சுவாரசியமாகிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்த அடுத்த வருடம், 1946 இல், ஹமமட்சு என்ற நகரில் சொய்ச்சிரோ ஹொண்டா ஒரு சின்னப் பட்டறையைத் தொடங்கினார். குண்டுவீச்சில் அழிந்த நகரம் அது. இராணுவம் வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் எடுக்கப் பாவித்த சிறிய எஞ்சின்கள் போருக்குப் பிறகு மிச்சமாகக் கிடந்தன. அவர் அவற்றை வாங்கிச் சாதாரண சைக்கிள்களில் பூட்டினார். முதலாவதற்கு எரிபொருள் ராங்கியாக இருந்தது படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை. பெற்றோல் கட்டுப்பாட்டில் இருந்தபடியால் பைன் மரத்திலிருந்து எடுக்கும் எண்ணெயைக் கலந்து ஓட்டினார்கள். 1948 இல் ஹொண்டா கொம்பனி உருவானது. 1958 இல் சுப்பர் கப் வந்தது. எம்.டி. 90 அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 2017 ஆகும்போது சுப்பர் கப் வகை மோட்டார் சைக்கிள்கள் 10 கோடி செய்யப்பட்டிருந்தன.

ஆக, உலகத்திலேயே அதிகம் செய்யப்பட்ட மோட்டார் வாகனத்தின் தொடக்கம், போர் விட்டுப்போன சாமானும், பெற்றோல் இல்லாத ஊரும், கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்த ஒரு பட்டறையும்தான். ஹமமட்சுவில் அது கண்டுபிடிப்பு என்று எழுதப்படுகிறது. அதே மாதிரியான வேலை நாற்பத்தைந்து வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் நடந்தபோது அதற்கு ஒரு பெயரும் வைக்கப்படவில்லை.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தரைப்பாதை அடைபட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகங்கள் என்று தடைப்பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு கொஞ்சம் வந்தது. குடாநாட்டில் தொடங்கிய இந்தத் தடை, பிறகு வன்னியில் 2002 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் பெற்றோல் சின்னப் போத்தலில் மருந்து மாதிரி விற்கப்பட்டது என்று எங்கட வீட்டுப் பெரியாக்கள் எல்லாரும் சொல்லுவினம். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டதும், ஜாம் போத்தலில் விளக்குச் செய்ததும் அந்தக் காலத்துக் கதைகள்தான். மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெய்க்கு மாறியதும் அதே வரிசையில் வரவேண்டிய கதை.

பெற்றோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது சும்மா ஓடாது. ஐயா அதை எங்களுக்கு இரண்டு பிரச்சினையாகப் பிரித்துச் சொன்னார். முதலாவது, தொடக்கம். பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாக ஏறத்தாழ 38 பாகை வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பிளக் எவ்வளவு பொறி அடித்தாலும் அது பத்தாது. இரண்டாவது, இடி. இன்று எங்கட நாட்டில் விற்கிற பெற்றோலின் ஒக்ரேன் எண் 92, 95. மண்ணெண்ணெய் அதற்குக் கிட்டவும் வராது. பிஸ்டன் மேலே வந்து கலவையை அமுக்கும்போது, மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னமே வெடித்துவிடும். எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

முதல் பிரச்சினைக்கு விடை தோட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணி இறைத்த மண்ணெண்ணெய் மெஷினை எப்படித் தொடங்குவது என்று ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் தெரியும். "பெற்றோலில தொடங்கு, சூடாகட்டும், பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்து. நிப்பாட்ட முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு வா. இல்லாட்டி அடுத்த நாள் உதைச்சு உதைச்சுக் கால்தான் வீங்கும்" என்றார் ஐயா. பிரித்தானியாவில் போருக்குப் பிறகு வந்த பேர்குசன் ட்ராக்டர்களில் ஒரு வகையும் இப்படித்தான் ஓடியது. அதற்குத் தொழிற்சாலையே இரண்டு அறையுள்ள ராங்கி செய்து கொடுத்தது. இங்கே அந்த வேலையை ஒரு சின்னப் போத்தலும் ஒரு ரியூப்பும் செய்தன.

இரண்டாவது பிரச்சினைக்கு விடை எஞ்சினுக்கு உள்ளே இருக்கிறது. சிலிண்டருக்கு அடியில் வழமையாக ஒரு மெல்லிய பெக்கிங் இருக்கும். அதோடு இன்னொன்றைச் சேர்த்தால் சிலிண்டர் கொஞ்சம் உயரும். பிஸ்டனுக்கு மேலே இடம் கூடும், அமுக்கம் குறையும், இடியும் குறையும். எஞ்சினின் இழுவையும் குறையும்தான். ஆனால் நடந்து போவதைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கட எம்.டி. 90இன் எஞ்சினைக் கழற்றியபோது இதெல்லாம் அப்படியே இருந்தது. சிலிண்டருக்கு அடியில் பெக்கிங்கோடு கையால் வெட்டிய ஒரு அலுமினியத் தகடு. ஓட்டைகள் எல்லாம் அரத்தால் ராவியது. ஓரத்தில் அரம் வழுக்கிய கீறல்கள் இன்னும் தெரிகின்றன. காபரேற்றருக்குப் போகும் ரியூப்பில் செம்பால் ஒரு 'ரீ' இணைப்பு. ஹாண்டிலுக்குக் கீழே ஒரு இரும்பு வளையம். அதுக்குள்ளே இருந்த சின்னப் போத்தல் நிறம் மாறிப் போயிருந்தது. பின் கரியரை ஒரு முழம் நீட்டி வெல்டிங் பண்ணியிருந்தார்கள். ஹொண்டாவின் எந்தப் புத்தகத்திலும் இவற்றுக்கு இலக்கம் இல்லை. இணையத்தில் பார்த்தால் இப்படியான ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில்தான் இருக்கும்: தூக்கி எறி, புதுச் சாமான் போடு.

அன்ரி வந்து பார்த்துவிட்டு, "அந்தப் போத்தலை மட்டும் எறிஞ்சு போடாதேங்கோ. மூத்தவள் பிறக்க ஆஸ்பத்திரிக்குப் போனது அதில இருந்த பெற்றோலிலதான். ஒரு மாசம் தொடாமல் வச்சிருந்தவர்" என்றார். கொட்டிலில் கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒண்டும் கதைக்கவில்லை.

இலக்கத் தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய வாகனம் திருத்துபவர்கள் பழைய 'ஸ்ரீ' இலக்கத் தகட்டை ஆசையாகத் தேடுவார்கள். அது அழகான பழைய பொருள் மட்டும் இல்லை. 1957 ஜனவரியில் வாகன இலக்கத்தில் இருந்த ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ கட்டாயமானது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. வடக்கு கிழக்கில் சிங்கள ஸ்ரீயை அழித்துத் தமிழில் எழுதினார்கள். 1958 மார்ச்சில் சிங்கள ஸ்ரீ பொறித்த அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது போராட்டம் தீவிரமானது. தெற்கில் தமிழ் எழுத்துகள் மீது தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டா செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதம் இனக்கலவரம். ஒரு இலக்கத் தகட்டை 'ஒரிஜினலாக' எழுதுகிறபோது இவ்வளவும் அதோடு சேர்ந்து வருகிறது.

மோட்டார் சைக்கிளைத் தன் விருப்பத்துக்கு மாற்றுவது இளைஞர் பண்பாட்டின் வரலாறு என்று உலகம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறது. லண்டன் வடக்கு வட்ட வீதியில் 1938 இல் திறக்கப்பட்ட ஏஸ் கபே ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மோட்டார் சைக்கிள் பொடியன்கள் கூடும் இடமாக இருந்தது. மணிக்கு 100 மைல் தொட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஹாண்டிலைப் பதித்தார்கள், தேவையில்லாததைக் கழற்றினார்கள், நோர்ட்டன் சட்டத்தில் ட்ரையம்ப் எஞ்சினைப் பூட்டி அதுக்கு 'ட்ரைட்டன்' என்று பெயர் வைத்தார்கள். இன்று கபே ரேசர் என்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பொடியன்கள் செய்வது அந்தப் பாணியைத்தான். அதில் பிழை ஒன்றும் இல்லை, எங்களுக்கும் பிடிக்கும். எங்கட கேள்வி வேறு. வேகத்துக்காக லண்டனில் செய்த மாற்றம் பாணி என்றால், உயிர் பிழைக்க இங்கே செய்த மாற்றம் மட்டும் ஏன் 'ஒட்டு வேலை' ஆகிறது?

அந்த மாற்றங்கள் மறைந்த விதமும் வரலாறுதான். 2002 இல் ஏ9 திறந்தது. இந்திய மோட்டார் சைக்கிள்கள் குவிந்தன. தடைக்காலத்து எம்.டி. 90களும் சாலிகளும் கொட்டிலுக்குள் போயின, சில இரும்புக்குப் போயின. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழையதுக்கு விலை ஏறியது. பலரும் கொட்டிலைத் திறந்து பெயின்ற் அடிக்கத் தொடங்கினார்கள். 2022 இல் பெற்றோல் வரிசை. கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். "நாங்கள் பாக்காத தட்டுப்பாடா" என்று பெரியாக்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா ஆனது. பழைய வித்தையும் கைகொடுக்கவில்லை.

தடைக்காலத்தை நாங்கள் புகழவில்லை. சமாளித்த கெட்டித்தனத்தைப் பற்றி மட்டும் கதைத்தால், ஏன் சமாளிக்க வேண்டி வந்தது என்பது மறந்துபோகும். அந்த அலுமினியத் தகடு ஒரு கெட்டிக்காரனின் வேலை. அதே நேரம், ஒரு சனத்துக்கு எரிபொருள் மறுக்கப்பட்டதற்கான சாட்சியும் அதுதான். இரண்டையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

கடைசியில் என்ன செய்தோம்? எஞ்சினைப் பெற்றோலுக்குத் திருப்பினோம். ஒரு பெக்கிங் மட்டும் போட்டோம், இல்லாட்டி இழுவை வராது. கழற்றிய தகட்டையும் 'ரீ' இணைப்பையும் ஒயில் துடைத்து, எங்கே இருந்தது என்று எழுதி, ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு அன்ரியிடம் கொடுத்தோம். வளையமும் போத்தலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நீட்டிய கரியரை வெட்டவில்லை. ஐயா சொன்னதை ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற உங்கட வீட்டிலும் அப்படியொன்று தூசி பிடித்துக் கிடக்கலாம். திருத்துங்கோ, விரும்பினால் கபே ரேசராகவே மாற்றுங்கோ. கழற்ற முன்னம் ஒரு படம் எடுங்கோ. விளங்காத துண்டு ஒன்று கிடைத்தால் எறியாமல், பக்கத்துக் கராஜில் இருக்கிற வயதானவரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கோ. அந்தக் காலத்தில் அந்த வேலை செய்தவர்கள் இன்னும் சிலர்தான் எங்களோடு இருக்கினம்.