யார் திருத்துவது? யாருக்காகத் திருத்துவது?

'திருத்து' என்ற சொல் தமிழில் இரண்டு வேலைக்கு உண்டு. காட்டைத் திருத்துவது ஒன்று, ஏட்டைத் திருத்துவது இன்னொன்று. காட்டைத் திருத்திக் கழனியாக்குன வேலை நம்ம ஜனங்களோடது. ஏட்டைத் திருத்தும் அதிகாரம் மட்டும் வேறு கைகளில் இருந்தது.

எழுதியதை நாலு பேர் முன்னால் வைத்துக் குறை நிறை கேட்பதற்குத் தமிழில் பெரிய ஏற்பாடே உண்டு. அரங்கேற்றம், சாத்துகவி, சிறப்புப்பாயிரம் என்று அதற்குப் பெயர்கள். அந்த ஏற்பாட்டில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்தது யார், கேட்கும் இடத்தில் நின்றது யார், வாசப்படி மிதிக்கவே முடியாதவர் யார் என்று பார்க்காமல் விமர்சனத்தின் வரலாற்றை எழுத முடியாது.

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1861-இல் அச்சேறியது. அதற்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதி நடையாய் நடந்ததை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். இலக்கணப் பிழைகள் இருக்கின்றன என்பதால் பிள்ளை தள்ளிப் போட்டார். கடைசியில் பாரதி பாடக் கேட்டு, மனம் உருகிப் பாயிரம் கொடுத்தார். பெரியபுராணத்து நந்தனுக்கு ஆண்டை கிடையாது. வேதியர் என்ற பார்ப்பனப் பண்ணையாரைப் புதிதாகக் கொண்டுவந்து, நந்தனை அவர் முன்னால் கைகட்டி நிற்க வைத்தது இந்தக் கீர்த்தனைதான். பிள்ளையை உறுத்தியது இலக்கணம். சேரியிலிருந்து ஒரு ஆள் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வி வேறாக இருந்திருக்கும்: "எங்க நந்தனுக்கு ஐயர் ஆண்டையா எங்கேருந்துய்யா வந்தாரு?" பிழை எது என்பதை, பிழை பார்க்கிறவன் உட்கார்ந்திருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது.

சபை நம்மை உள்ளே விடாத காலத்திலேயே நாம் வேறொரு சபையை அச்சில் உண்டாக்கினோம். 1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே அது 'தமிழன்' ஆயிற்று. பெயரை மாற்றச் சொன்னவர்கள் வாசகர்கள். பத்திரிகையின் தலைப்பையே வாசகன் திருத்தலாம் என்று ஒத்துக்கொண்ட பத்திரிகை அது. கோலார் தங்கவயல் வரைக்கும், கடல் தாண்டியும் போன அந்த இதழில் வாசகர் வினா எழுப்புவதும், ஆசிரியர் விடை தருவதும் வழக்கமாக நடந்தன. ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் வெளிவந்த அயோத்திதாசர் சிந்தனைகளை வாசிக்கும்போதெல்லாம் நான் அந்த வினா விடைகளில்தான் அதிக நேரம் நின்றுபோகிறேன். எழுதப் படிக்கக் கூடாது என்று வைக்கப்பட்ட ஜனம், அச்சில் வந்ததைப் பார்த்து "இதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறது. கேட்டவனைப் பத்திரிகை விரட்டவில்லை, விடை சொல்கிறது. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் சொல்லிக் கொடுக்கும் விமர்சன வரலாற்றில் இந்தப் பக்கங்களுக்கு இடமில்லை. நான் எம்.ஏ. படித்தபோது எனக்கும் இதை யாரும் சொல்லவில்லை.

சொல்லிக் கொடுத்தது வேறு. எங்கள் வகுப்பில் ஒரு மாணவர் தன் தெருவைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவர் அம்மா பேசிய பேச்சு முழுவதும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் 'கொச்சை' என்று ஒரே சொல் எழுதித் திரும்பி வந்தது. அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று திருத்தியவர் பார்க்கவில்லை. தெருவுக்குத் தீட்டு வைத்த அதே புத்திதான் சொல்லுக்குக் கொச்சை என்று பெயர் வைத்தது.

1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதும் இந்தக் கொச்சைப் புகார் வந்தது. அதற்குப் பதில் சொல்வது சுலபம். கஷ்டமான விமர்சனம் அவருடைய சொந்த ஊரிலிருந்தே வந்தது. நம்ம வீட்டுக் கதையை, நம்ம பட்டப்பேரை, நம்ம சண்டையை ஊரறிய எழுதிட்டாளே என்று ஜனங்களுக்குக் கோபம். சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமாவே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். பிறகு படித்த இளைஞர்கள் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல, கோபம் தணிந்தது. இரண்டு புகாரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பண்டிதரின் புகாரில் அதிகாரம் பேசுகிறது. ஊரின் புகாரில் அடிபட்டவர்களின் பயம் பேசுகிறது: 'இதை வச்சு நம்மள இன்னும் கேவலமாப் பேசுவானுங்களே.' முதலாவதை எதிர்க்க வேண்டும். இரண்டாவதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்து பதில் சொன்னவர் ப. சிவகாமி. 1989-இல் வந்த 'பழையன கழிதலும்' நாவலில் காத்தமுத்து என்ற தலித் தலைவரின் ஆணாதிக்கத்தை அவர் ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். இயக்கத்தைக் கொச்சைப்படுத்திவிட்டார் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் நாவலைத் திரும்பப் பெறவில்லை, விமர்சித்தவர்களைத் திட்டவும் இல்லை. 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொரு நூல் எழுதினார். அதில் எழுத்தாளரே பாத்திரமாகித் தன் ஊருக்குத் திரும்புகிறார். எழுதியது எது, விட்டது எது, ஏன் அப்படி எழுதினோம் என்று தன் நாவலையே குறுக்கு விசாரணை செய்கிறார். விமர்சனத்தை வாங்கிக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழில் எனக்குத் தெரிந்து இல்லை. பணிந்துபோவதும் வாங்கிக்கொள்வதும் ஒன்றல்ல.

1994-இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தபோது கேள்வி இன்னும் கூர்மையானது. சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தைச் சேரி எப்படி நடத்துகிறது என்பதுதான் நாவல். நம்மை நாமே காட்டிக் கொடுப்பதா என்று நமக்குள்ளேயே வாதம் நடந்தது. அந்த வாதம் நடந்ததே நல்லது என்பது என் கட்சி. ஆரோக்கியத்தின் அழுகை நம்மைப் பார்த்து வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. மேலே இருப்பவன் நம் குரலைக் கேட்க வேண்டும் என்று போராடுகிற நாம், நமக்குக் கீழே வைத்திருப்பவரின் குரலைக் கேட்கும்போது காதைப் பொத்திக்கொள்ள முடியாது.

விமர்சனமே செய்யாமல் வெட்டுவதும் நடக்கிறது. 2021-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் எழுத்துகள் நீக்கப்பட்டன. மகாசுவேதா தேவியின் கதையும் போயிற்று. இன்ன வரி இதனால் தவறு என்று வாதம் செய்து நீக்கவில்லை. வாதம் செய்தால் பதில் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு ஆபத்து பாராட்டு. "தலித் எழுதியிருக்கார், அருமை" என்று சொல்லிவிட்டுப் படிக்காமலே போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இது பிச்சை. ஒரு படைப்பில் கை வைத்து, இந்த இடம் நிற்கவில்லை என்று சொல்வதற்கு அதை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும். அந்த மரியாதையைத்தான் நம் எழுத்து கேட்கிறது, சலுகையை அல்ல.

எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒரு ஞாயிறு கூடி வாசிக்கிறோம். கட்டடத் தொழிலாளியும் கல்லூரி மாணவியும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சண்டை போட்டுப் போட்டுச் சில வழக்கங்களை உண்டாக்கியிருக்கிறோம். முதலில் கேட்டவர்கள் தங்களுக்கு என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். அங்கேயே பாதிக் குறை வெளியே வந்துவிடும். தெரியாத சொல் வந்தால் அடிக்கக் கூடாது, அர்த்தம் கேட்க வேண்டும். இட்டுக்கட்டினது தெரிந்தால், "இது நடந்துச்சா, நடந்திருக்கும்னு நெனச்சியா?" என்று முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். பெண்ணைப் பற்றி ஆண் எழுதியிருந்தால் பெண்கள் முதலில் பேசுவார்கள். அருந்ததியரைப் பற்றி மற்றவர் எழுதியிருந்தால் அருந்ததியத் தோழர்கள் முதலில் பேசுவார்கள். எழுதினவர் கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அவர் உரிமை, கேட்பது கடமை. ஆளைப் பற்றிப் பேச்சு வந்தால் கூட்டம் அதோடு நிறுத்தப்படும்.

இதை எழுதக் காரணம் உண்டு. இரண்டு கூட்டம் வந்து மூன்றாவது கூட்டத்துக்கு வராமல் போகிற பிள்ளைகள் நம் பக்கம் அதிகம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சிவப்பு மையில் அடிபட்டவர்களுக்கு நம் சொல்லும் அதே மையாகத் தெரிகிறது. பயந்து குறையைச் சொல்லாமல் விட்டால் எழுத்து வளராது. பண்டிதர் பாணியில் சொன்னால் ஆள் மிஞ்சாது. காட்டைத் திருத்தினவர்களுக்குத் தெரியும்: கல்லையும் முள்ளையும்தான் பொறுக்கிப் போட வேண்டும், மண்ணை அள்ளிப் போட்டுவிடக் கூடாது.