மூத்த குதிரையிடம் பாடம்: வியன்னாவின் குதிரையேற்றப் பள்ளி

வியன்னா நகரின் நடுவே, ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் ஹோஃப்பூர்க் அரண்மனை வளாகத்தில் இயங்கிவரும் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி, பெயரைக் கேட்டு எண்ணத் தோன்றுவதுபோல ஸ்பெயின் நாட்டார் நிறுவியதன்று. 16ஆம் நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து தருவிக்கப்பட்ட குதிரைகளைக் கொண்டு பயிற்சி தொடங்கியமையால் அப்பெயர் நிலைத்தது. பழந்தமிழ் நூலோர் செண்டுவெளி என்று குறித்த குதிரைப் பயிற்சித் திடலைப் போன்ற ஒன்று அரண்மனையையொட்டி அமைந்ததற்கான ஆவணக் குறிப்பு 1565ஆம் ஆண்டிலேயே கிடைக்கிறது. 1580இல் ஆஸ்திரியக் கோமகன் இரண்டாம் கார்ல் இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள லிப்பிட்சா என்னும் சிற்றூரில் இனப்பெருக்கப் பண்ணை ஒன்றை நிறுவினார். அவ்வூரின் பெயரால் லிப்பிட்சானர் எனப்பட்ட இக்குதிரைகளில் பெரும்பாலானவை கருநிறத்தில் பிறந்து, ஆறு முதல் பத்து வயதுக்குள் வெண்ணிறம் அடைபவை.

இப்பள்ளி கைக்கொண்ட முறையின் வேர் மிகப் பழையது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றித் தனிநூல் எழுதிய கிரேக்கப் படைத்தலைவர் செனஃபோன், வற்புறுத்திச் செய்விக்கும் எதிலும் அழகு இராது என்னும் கருத்தை அன்றே வலியுறுத்தியிருந்தார். ஆனால், 1550இல் தம் நூலை வெளியிட்ட நேப்பிள்ஸ் நகரத்து ஆசிரியர் ஃபெடெரிகோ கிரிசோனே, கடுமையான கடிவாளத்தையும் அடியையும் நம்பியவர். நகர மறுக்கும் குதிரையின் பின்னால் கழியில் கட்டிய பூனையை நீட்டி அச்சுறுத்தும் வழியைக்கூட அவர் பரிந்துரைத்தார். இக்கொடுமையிலிருந்து கலையை மீட்டவர்கள் பிரெஞ்சு ஆசிரியர்களே எனலாம். பதின்மூன்றாம் லூயி மன்னருக்குக் குதிரையேற்றம் கற்பித்த புளுவினேல் குதிரையின் மனத்தை அறிந்து நடத்த வேண்டும் என்றார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த கேரினியேர் 1733இல் வெளியிட்ட நூல், குதிரையின் தோளைச் சற்று உள்நோக்கித் திருப்பிப் பக்கவாட்டில் நடத்தி அதன் உடலை இளக்கும் பயிற்சியை வகுத்துத் தந்தது. வியன்னாப் பள்ளி இன்றளவும் அந்நூலையே தன் அடிப்படையாகக் கொண்டுள்ளது.

ஆறாம் கார்ல் பேரரசரின் ஆணைப்படி ஃபிஷர் ஃபொன் எர்லாக் 1729 முதல் 1735 வரை கட்டிய குளிர்காலப் பயிற்சிக்கூடம், 55 மீட்டர் நீளமும் 18 மீட்டர் அகலமும் கொண்ட வெண்ணிற மண்டபம். அங்கு நுழையும் வீரர்கள் அப்பேரரசரின் உருவப்படத்தை நோக்கித் தொப்பி கழற்றி வணங்குகின்றனர்.

மண்டபத்தினும் சிறந்த செல்வம் இப்பள்ளியின் கற்பிக்கும் முறையே. எலெவ் எனப்படும் புதிய மாணவர், நீண்ட வாரில் கட்டி வட்டமாக ஓடவிடப்படும் குதிரையின் மீது, அங்கவடியும் கடிவாள வாரும் இன்றி மாதக்கணக்கில் அமர்ந்து பழக வேண்டும். கைப்பிடியை நம்பாமல் இடுப்பாலும் முதுகாலும் சமநிலை காக்கக் கற்ற பின்னரே வார் அவர் கைக்கு வரும். அவருக்குத் தரப்படுவது, பயிற்சி முற்றிய மூத்த பொலிக்குதிரை. அவர் உடலின் சிறு பிழையையும் அது தன் நடையில் உடனே காட்டிவிடும் என்பதால், அக்குதிரையே அவருக்கு முதல் ஆசானாகிறது. நான்கு வயதளவில் பள்ளிக்கு வரும் இளங்குதிரையையோ தேர்ந்த வீரரே பழக்குவார். இவ்வாறு முதிர்ந்த குதிரை இளைய மனிதனுக்கும், முதிர்ந்த மனிதன் இளைய குதிரைக்கும் கற்பிக்கும் சங்கிலி, பெரும்பாலும் வாய்மொழியாகவே தலைமுறைகள் கடந்தது. 1898இல்தான் ஹோல்பைனும் மைக்ஸ்னரும் அதன் நெறிகளை எழுத்தில் வடித்தனர்.

பயிற்சியின் உச்சம், பின்னங்கால்களை மடக்கி முன்னுடலைத் தூக்கி அசையாது நிற்கும் லெவாட், பின்னங்கால்களாலேயே தாவித் தாவி முன்னேறும் கூர்பெட், அந்தரத்தில் எழும்பிப் பின்காலை உதைத்து விரிக்கும் காப்ரியோல் ஆகியவை. இவை போர்க்களத்தில் பகைவரை வீழ்த்தப் பிறந்தவை என்று கூறப்படுவதுண்டு. ஆயினும், காலாட்கள் நெருங்கிச் சூழும் களத்தில் வயிற்றைத் திறந்துகாட்டி எழும்பும் குதிரை எளிதில் குத்துண்டு வீழும் ஆதலால், அக்கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை.

1918இல் பேரரசு வீழ்ந்தபின் பள்ளி குடியரசின் உடைமையாகி, மக்கள் முன்னிலையில் காட்சிகள் நடத்திப் பிழைத்தது. அதைவிடப் பேரிடர் 1945இல் நேர்ந்தது. குண்டுவீச்சுக்கு அஞ்சி இயக்குநர் அலோயிஸ் பொடாஜ்ஸ்கி பொலிக்குதிரைகளை மேல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் மார்ட்டின் என்னும் ஊருக்கு அகற்றிச் சென்றார். இனவிருத்திக்குரிய பெட்டைக் குதிரைகளோ பொஹீமியாவின் ஹோஸ்டாவ் பண்ணையில் சிக்கியிருந்தன. 1936 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பொடாஜ்ஸ்கி, மே 7 அன்று அமெரிக்கத் தளபதி பேட்டன் முன்னிலையில் குதிரைகளை நடத்திக் காட்டிப் பாதுகாப்பு கோரினார். தாமும் குதிரை வீரரான பேட்டன் அதற்கு இசைந்தார். ஹோஸ்டாவிலிருந்த பெட்டைகளை அமெரிக்கப் படையினர் அதற்குச் சில நாட்கள் முன்னரே மீட்டிருந்தனர். அவை கிட்டாதிருந்தால், பயிற்சி பெற்ற பொலிக்குதிரைகளோடு இம்மரபும் முடிந்திருக்கும். பள்ளி வியன்னாவுக்குத் திரும்பியது 1955இல்.

ஆடவர்க்கே உரியதாக இருந்த மாணவர் வரிசையில் 2008இல் முதன்முறையாகப் பெண்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களுக்கும் முதற்பாடம், வாரும் அங்கவடியும் இன்றி மூத்த பொலிக்குதிரையின் முதுகில் அமர்ந்து பழகுவதாகவே இருந்தது.