இகழ்ந்த பெயரே எழுச்சிப் பெயர்!

"சிக்கானோ!" அமெரிக்காவின் தென்மேற்கில் மெக்சிகோ வழிவந்த கூலிக்காரனை இகழ்வதற்கு வழங்கிய சொல் இது. "மெஷிகானோ" என்பதன் திரிபு என்பர். வசதி படைத்த மெக்சிகோ வழியினரே இதைச் சொல்லி ஏழையை எள்ளினர். அந்த இழிசொல், 1960களில் இளைஞர் தாமே விரும்பிச் சூடிய பெயராயிற்று. எங்ஙனம்?

1846இல் மூண்டது அமெரிக்க-மெக்சிகோ போர். 1848 பிப்ரவரி 2ஆம் நாள், குவாடலூப் இடால்கோ உடன்படிக்கை. கலிபோர்னியா முதலான பெருநிலப்பரப்பு வென்றவன் கைக்குப் போயிற்று. அங்கிருந்த மக்கள் ஓரடியும் நகரவில்லை, நகர்ந்தது எல்லைக்கோடு! பிறந்த மண்ணிலேயே அவர்கள் அயலாராயினர்.

உடைமைக்குக் காப்பளிப்பதாக ஏட்டிலே எழுதினர். ஆனால், பழைய நில உரிமைகளைக் காக்கவிருந்த 10ஆம் விதியை அமெரிக்க செனட் சபை நீக்கிற்று. 1851ஆம் ஆண்டுச் சட்டமோ, கலிபோர்னிய நிலக்காரன் தன் நிலம் தன்னுடையதே என்று தானே மெய்ப்பிக்க வேண்டுமென்றது! வழக்கு வளர்ந்தது, நிலம் தேய்ந்தது. இந்தக் கொடுமையை 1885இல் நாவலாக்கினார், மரியா அம்பாரோ ரூயிஸ் டி பர்ட்டன் என்னும் பெண்மணி. வென்றவனின் ஆங்கிலத்திலேயே எழுதி, அவனையே குற்றக் கூண்டில் நிறுத்தினார்.

அது நிலமிழந்த செல்வரின் கதை. ஏழையின் கதை? அதை மக்கள் பாடினர்! "கொரிடோ" எனப்படும் கதைப்பாடல்களாகப் பாடினர். 1901இல், டெக்சாசில், குதிரைத் திருடனைத் தேடி வந்தார் ஷெரீப். கிரிகோரியோ கோர்டெஸ் என்னும் உழவனிடம், குதிரை மாற்றினாயா என்று வினவப்பட்டது. அவன் மாற்றியது பெண்குதிரை. ஸ்பானிய மொழியில் அதற்கு வேறு சொல். ஆகவே "இல்லை" என்றான். அரைகுறை மொழிபெயர்ப்பால் அது பொய்யாகத் தோன்றிற்று. துப்பாக்கிகள் வெடித்தன, கோர்டெசின் அண்ணன் வீழ்ந்தான், ஷெரீப் மாண்டார். ஒரு சொல்லின் விலை உயிர்! ஓடிய கோர்டெசை வேட்டையாடிற்று சட்டம். வீரனாகப் பாடிற்று மக்கள் நா. அந்தப் பாடலை ஆராய்ந்து 1958இல் நூல் செய்தார் அமெரிகோ பரேடெஸ்.

1965இல் கலிபோர்னியாவின் டிலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். சீசர் சாவேஸ், டோலோரஸ் உவெர்தா தலைமையில் மெக்சிகோ வழியினரும் சேர்ந்தனர். அங்கே பிறந்தது லூயிஸ் வால்டேசின் உழவர் நாடகக் குழு. லாரித் தட்டே மேடை, கூலிக்காரரே நடிகர்! 1968இல், தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகளை விட்டு, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். 1971இல், கூலிக் குடும்பத்திற் பிறந்த தோமாஸ் ரிவேரா, ஊர் ஊராய் அலைந்த உழைப்பாளரின் வாழ்வை ஸ்பானிய மொழியிலேயே நாவலாக்கினார்.

பகுத்தறிவாளர் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. 1969இல் டென்வர் இளைஞர் மாநாடு, அஸ்டெக்குகளின் புராணத் தாயகமாம் "அஸ்ட்லான்" பெயரால் முழங்கிற்று. உணர்ச்சியூட்டும் சின்னம்தான்; ஆனால் வரலாறன்று. அந்நிலத்திலே நவாஹோ, பியூப்ளோ மக்களும் வாழ்கின்றனரே! பழம்பெருமை பேசியோர் வீட்டுப் பெண்ணின் விலங்கை மறந்ததும் உண்டு. 1987இல் குளோரியா அன்சால்டுவா தம் நூலில், வெள்ளையர் ஆதிக்கத்தோடு தம்மினத்து ஆணாதிக்கத்தையும் சாடினார்.

சிக்கானோவை ஈன்றது புராணமன்று. பறிபோன வயல், தடுக்கப்பட்ட மொழி, தராத கூலி. இவற்றுக்கு எதிராக எழுந்த தன்மானம்! இகழ்ச்சியை எறிந்தவன் கையிலேயே விட்டுவிட்டு, பெயரை மட்டும் எடுத்துக்கொண்டான் உழைப்பாளி. அவன் இலக்கியத்தின் முதல் வரி அதுவே!